பிப்பெட் முதல் டேங்கர் வரை

மறைமலை நகரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டித் தொடங்கி, சிங்கப்பெருமாள் கோயில், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் தொழில் வட்டாரத்தில், வாகனங்களுக்கு வண்ணம் பூசும் பெயின்ட் ஷாப்புகள், இரும்புப் பாகங்களை அமிலத்தில் தோய்த்துத் துருவகற்றும் தொட்டிகள், முலாம் பூசும் பட்டறைகள் எனப் பல இடங்களில் வேதிப்பொருள்களின் புழக்கம் அன்றாடமானது. இவ்வேலைகளுக்குச் செல்வோரில் பலர் முதன்முதலில் அமிலத்தைக் கையில் எடுப்பது மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில்தான். அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் விதிகளை மாணவர்கள் ஒப்பிக்கக் கற்றுவிடுகிறார்கள்; விதிக்குப் பின்னுள்ள காரணம் சொல்லப்படாதபோது, செய்முறைத் தேர்வு முடிந்த கையோடு விதியும் விடைபெற்றுவிடுகிறது.

ஆய்வகத்தில் முதலில் கைக்கு வருவது கண்ணாடி. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் நிறுவனம் 2000ஆம் ஆண்டு முதல் தயாரித்துவரும் மிதவைக் கண்ணாடி, அதாவது உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுத் தகடாக்கப்படும் கண்ணாடி, மணல், சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றை உருக்கிப் பெறப்படுவது. ஆய்வகத்தின் முகவையும் கூம்புக் குடுவையும் போரான் ஆக்சைடு சேர்ந்த போரோசிலிக்கேட் கண்ணாடியால் ஆனவை. இது சூட்டில் விரிவடையும் அளவு சாதாரணக் கண்ணாடியினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்பதால், திடீர் வெப்ப மாற்றத்தை அதைவிட நன்றாகத் தாங்குகிறது. தாங்குவதற்கும் எல்லை உண்டு. அடியில் நட்சத்திரம்போல் கீறல் விழுந்த முகவை, எக்கண்ணாடியால் ஆனதாயினும், அடுப்பில் ஏற்றத் தகுதியற்றது. மேலும், சுட்ட கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றுவதால், விரல் சுட்டுக்கொள்வது ஆய்வகத்தில் அடிக்கடி நேரும் சிறு விபத்தாகிறது.

செறிவு தெரிந்த கரைசலைக் கொண்டு செறிவு தெரியாத கரைசலை அளந்தறியும் தரம்பார்த்தலில் பியூரெட்டும் பிப்பெட்டும் இணைந்து பணிபுரிகின்றன. கீழே திருகு கொண்ட, 50 மி.லி. அளவுக்கோடுகள் இட்ட நீள்குழாயான பியூரெட்டைத் தாங்கியில் பொருத்தி மேசைமேல் வைத்தால், அதன் வாய் பல மாணவர்களின் கண்மட்டத்துக்கு மேலே போய்விடுகிறது. அந்நிலையில் புனல் வைத்து அமிலம் ஊற்றுபவர், தம் முகத்துக்கு மேலேயே அமிலத்தைப் பிடித்திருக்கிறார். தாங்கியைத் தரையில் இறக்கி வைத்தோ, பியூரெட்டைக் கழற்றித் தாழ்த்திப் பிடித்தோ நிரப்பினால் இவ்வாபத்து நீங்கும். நிரப்பியபின் புனலை எடுத்துவிட வேண்டும் என்பதை ஆசிரியர்கள் தவறாமல் வலியுறுத்துகிறார்கள். புனலில் தங்கிய துளி பின்னர் விழுந்தால் அளவீடு பிழையாகும் என்பதே காரணம். அளவீட்டைக் காக்கும் இந்த அக்கறையில் பாதியாவது கண்ணுக்கும் கிடைத்திருக்கலாம்.

பிப்பெட்டின் கதை இன்னும் முரணானது. பள்ளிகளில் வழக்கமான 20 மி.லி. பிப்பெட், குறிப்பிட்ட அளவு கரைசலை வெளியே தருவதற்கென்றே அளவிடப்பட்டது. முனையில் தங்கும் கடைசித் துளி அக்கணக்கில் சேராது என்பதால் அதை ஊதித் தள்ளக் கூடாது. ஊதக் கூடாது என்று கண்டிப்போடு கற்பிக்கும் இடங்களில்கூட வாயால் உறிஞ்சும் பழக்கம் நெடுங்காலம் தடையின்றி நடந்துவந்தது. தரம்பார்த்தலில் வழக்கமாக இடம்பெறும் ஆக்சாலிக் அமிலம் உடலுக்குள் சென்றால், இரத்தத்திலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து கரையாத கால்சியம் ஆக்சலேட்டாகி, சிறுநீரகங்களில் படிந்து அவற்றைப் பழுதாக்குகிறது. உறிஞ்சுவதற்கென உள்ள ரப்பர் பல்ப் விலையுயர்ந்த கருவி அன்று. அதை வாங்கிவைக்காத ஆய்வகத்துக்கு ஏற்கத்தக்க சமாதானம் ஏதும் இருப்பதாகத் தோன்றவில்லை.

நீரில் அமிலத்தைச் சேர்க்க வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது என்ற விதிக்கு, நைட்ரேட்டைக் கண்டறியும் பழுப்பு வளையச் சோதனையே விளக்கம் தருகிறது. இரும்பு சல்பேட்டுக் கரைசல் சேர்த்த உப்புக் கரைசலில், சோதனைக் குழாயின் சுவரை ஒட்டி அடர் கந்தக அமிலத்தை மெல்ல இறக்கும்போது, நீரைப்போல் 1.84 மடங்கு அடர்த்தி கொண்ட அமிலம் கலவாமல் அடியில் தங்குகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வளையம் தோன்றுகிறது. அமிலத்தின்மேல் நீரை ஊற்றினாலும் இதேபோல் நீர் மேலேயே நிற்கும். ஆனால் கரைதலில் வெளிப்படும் பெருவெப்பம் முழுவதும் அம்மெல்லிய எல்லையிலேயே குவிவதால், அங்குள்ள நீர் கொதித்து, அமிலத்தையும் வாரிக்கொண்டு தெறிக்கிறது. மிகுதியான நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்கினால், அதே வெப்பம் நீர் முழுவதும் பரவிவிடுகிறது.

இவ்வட்டாரத்தில் ஓர் ஆய்வகப் பாடம் உயிர்களோடு தொடர்புடையதாகிறது. உப்புப் பகுப்பாய்வுக்காக, கிப் உபகரணத்தில் இரும்பு சல்பைடின்மேல் நீர்த்த அமிலத்தைச் செலுத்திப் பெறப்படும் ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டையின் நாற்றம் கொண்டது. காற்றில் மிகக் குறைந்த அளவில் இருக்கும்போதே மூக்கு இதை அறிந்துவிடும். செறிவு பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போதோ மோப்ப உணர்வு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றதை வாயு நீங்கியதாக எடுத்துக்கொள்பவர் ஏமாறுவது இதனால்தான். கழிவுநீர்த் தொட்டிகளில் தேங்கும் நச்சு வாயுக்களில் இதுவும் ஒன்று. 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில், தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவரும், அவரைக் காப்பாற்ற அடுத்தடுத்து இறங்கியவர்களுமாக 6 பேர் மூச்சுத்திணறி இறந்தனர். வாயுவை நேராக முகராமல் கையால் விசிறி முகர வேண்டும், புகைபோக்கி அறையில்தான் தயாரிக்க வேண்டும் என்ற விதிகளைக் கற்பிக்கும் வகுப்பில் நெமிலியையும் சொல்ல வேண்டும். பாதுகாப்புச் சாதனங்கள் இன்றித் தொட்டிக்குள் மனிதரை இறக்குவதைச் சட்டம் 2013இலேயே தடைசெய்துவிட்டது என்பதையும் சேர்த்தே.

புட்டிகளின் லேபிளைப் படிக்கும் பழக்கம் தெருவிலும் பயன்படும். ஒரகடம் சாலையில் செல்லும் டேங்கர்கள், 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, அவசரத் தகவல் பலகையைத் தாங்கிச் செல்ல வேண்டும். அதிலுள்ள நான்கிலக்க எண் உள்ளிருக்கும் பொருளைச் சுட்டும். 1830 என்றால் கந்தக அமிலம், 1789 என்றால் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1203 என்றால் பெட்ரோல். கையாளும் பொருளின் ஆபத்தைத் தொழிலாளர்களுக்குத் தெரிவிக்கும் கடமையை, 1984ஆம் ஆண்டு போபால் பேரழிவுக்குப் பின், 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்தார்கள். பள்ளி ஆய்வகம் தொழிற்சாலை ஆகாது என்பதால், அங்கே மாணவருக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் மேலங்கியும் கிடைப்பது பெரிதும் நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்ததாகவே இருந்துவருகிறது.

கண்ணைப் பொறுத்தவரை, அமிலத்தைவிடக் காரமே கொடியது. அமிலம் பட்ட இடத்தில் புரதத்தை உறையச் செய்து, அவ்வுறைவினாலேயே தன் வழியை ஓரளவு அடைத்துக்கொள்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடோ கொழுப்பைச் சோப்பாக மாற்றிக் கரைத்தபடி ஆழமாக உள்ளே செல்கிறது. ஆகவே காரம் தெறித்த கண்ணைத் தேய்க்காமல், இமைகளை விரித்துப் பிடித்து, ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும்; அமிலத்தை ஊற்றிச் சமன்செய்ய முயல்வது இன்னொரு புண்ணையே தரும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புறப்படுவது அதன் பிறகுதான். ஆய்வகத்துக்கான நீர்த்தொட்டி காலையிலேயே நிரம்பியிருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று வகுப்புத் தொடங்கும் முன் திறந்து பார்ப்பதும் ஆய்வக உதவியாளரின் வேலைப் பட்டியலில் சேர வேண்டும்.