வேட்பாளர் தெரிவும் ஈச்சிலம்பற்று வாக்காளரும்

பாராளுமன்ற சனநாயகம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வாக்களிப்பு நாளிலிருந்தே தொடங்குகின்றன. வாக்குக் கேட்டு நிற்கவேண்டியவர் யார் என்பதோ அதற்கு முன்னரே வேறு சிலரால் முடிவுசெய்யப்பட்டுவிடுகின்றது. இம்முடிவின் வர்க்கத் தன்மையை, திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையிலே வெருகலை அண்டியுள்ள ஈச்சிலம்பற்றிலிருந்து நோக்குவோம்.

கொட்டியாபுரப்பற்றைச் சேர்ந்த இப்பகுதி முன்னர் மூதூர்த் தொகுதியுள் அடங்கியிருந்தது. 1960 முதல் 1977 வரை அது இரட்டை அங்கத்தவர் தொகுதி. 1970 இல் சிறீலங்கா சுதந்திரக் கட்சியின் அப்துல் மஜீதும் தமிழரசுக் கட்சியின் அ. தங்கத்துரையும் தெரிவாயினர். வேட்பாளரைக் கட்சியே நியமித்ததெனினும், அவர் எவ்வூரவர், எவர் பக்கம் நிற்பவர் என்பதை உழவரும் மீனவரும் அறிந்திருந்தனர்.

1978 இன் யாப்பு கொணர்ந்த விகிதாசார முறை 1989 பொதுத்தேர்தலில் முதன்முறை செயற்பட்டது. மாவட்டத்துக்கு 4 ஆசனங்கள். கட்சியொன்று 7 பெயர்களை நிறுத்தவேண்டும். வாக்காளர் மூவருக்கு விருப்பு வாக்கு அளிக்கலாம். தெரிவுரிமை விரிந்தது போன்ற தோற்றம்! ஆனால் நியமனப் பத்திரத்துக்கு வேண்டியது கட்சிச் செயலாளரின் கையொப்பமே. அப்பெயர்கள் எவ்வாறு தெரிவாயின என்று சட்டம் வினவுவதில்லை. ஓராசனத்தையே எதிர்பார்க்கக்கூடிய கட்சியின் பட்டியலில் ஏனைய அறுவர் எதற்கு? ஊர் ஊராக வாக்குத் திரட்டுவதற்கே. கிராமத்து ஆசிரியரொருவர் சேர்க்கும் வாக்கு முதலிற் சின்னத்துக்குச் செல்கின்றது. குச்சவெளியிலிருந்து வெருகல் வரை விருப்பு வாக்குச் சேகரிக்க வாகனமும் பணமும் உடையவரே ஆசனத்தைப் பெறுகின்றார்.

பட்டியலின் ஆயுளும் நீண்டது. 1994 இல் தெரிவான தங்கத்துரை 1997 இற் கொல்லப்பட்டபோது இரா. சம்பந்தனும், 2024 இற் சம்பந்தன் மறைந்தபோது ச. குகதாசனும் இடைத்தேர்தலின்றியே, பட்டியலிலிருந்து, சபை புகுந்தனர்.

ஆபிரிக்க அனுபவம் ஒப்புநோக்கத்தக்கது. தென்னாபிரிக்காவிற் பட்டியல் வரிசையைக் கட்சியே வகுக்கின்றது; விருப்பு வாக்கு இல்லை. கானாவின் தேசிய சனநாயகக் காங்கிரசு, சில பிரதிநிதிகளிடமிருந்த வேட்பாளர் தெரிவுரிமையை 2015 இற் சாதாரண உறுப்பினர்க்கும் விரித்தது. பணத்தின் பிடி அதனால் அற்றுவிடவில்லை. எனினும் தெரிவு அறைக்கு வெளியே வந்தது.

இங்கு அதற்குத் தடையாக நிற்பது ஒற்றுமை வாதம். அதன் பின்னுள்ள அச்சம் பொய்யன்று: 2020 இல் அம்பாறையில் தமிழர் எவரும் தெரிவாகவில்லை. ஆனால் அவ்வச்சம் ஒரே பட்டியலையே வேண்டுகின்றது. அப்பட்டியலைச் சிலரே எழுதவேண்டும் என்பதையன்று. 2004 இல் ஆழிப்பேரலையாலும் 2006 இற் போராலும் பெயர்ந்து மீண்ட ஈச்சிலம்பற்று மக்கள், பெயர்கள் எழுதப்படும் வேளையில் எங்கே நிற்கின்றனர் என்பதையே நாம் கட்சிகளிடம் வினவுகின்றோம்.