படேல் சரி, எந்த ஊர்ப் படேல்?

2021 டிசம்பர், மும்பை வான்கடே மைதானம். நியூசிலாந்தின் அஜாஸ் படேல் இந்தியாவின் முதல் இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் தனியாளாகச் சாய்த்தார். எதிரணியில் ஆடியவர்களில் ஒருவர் அக்சர் படேல். மும்பையில் பிறந்த அஜாஸ் முஸ்லிம். குஜராத்தின் நடியாத்காரரான அக்சர் இந்து. இருவர் சட்டையின் முதுகிலும் படேல் பெயர் எப்படி வந்தது?

படேல் முதலில் சாதிப் பெயரல்ல, பதவிப் பெயர். நிலவரி வசூலித்துக் கொடுப்பது, ஊர்த் தகராறைத் தீர்ப்பது என நம்மூர் மணியக்காரர் பார்த்த வேலைதான். அந்தப் பொறுப்பில் இருந்தவர் எந்தச் சமூகமானாலும் படேல்தான். அதனால்தான் பரூச் பக்கத்து முஸ்லிம்களிலும் பார்சிகளிலும் கோலிகளிலும் படேல்கள் இருக்கிறார்கள். மறைந்த காங்கிரஸ் தலைவர் அகமது படேலும் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் முனாஃப் படேலும் பரூச் மாவட்டத்துக்காரர்கள்.

பெயரைப் பெருவாரியாக எடுத்துக்கொண்டவர்கள் கண்பி என்ற உழவர் சமூகத்தார். நிலமும் செல்வாக்கும் கூடக்கூட 'பாட்டீதார்' என்று சொல்லிக்கொண்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தப் பெயரே பதிவாயிற்று. ஆனால் சௌராஷ்டிரப் பாட்டீதார்கள் பலர் சாவலியா, வகாசியா என்று குலப்பெயரையே போட்டுக்கொள்கிறார்கள். ஆக, படேல் எல்லாம் பாட்டீதார் அல்ல. பாட்டீதார் எல்லாம் படேலும் அல்ல. குஜராத் தேர்தலைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது வழக்கம்.

புகையிலையும் பாலும் கொழிக்கும் குஜராத்தின் சரோதர் வட்டாரம்தான் பாட்டீதார் படேல்களின் மையம். அமுல் கூட்டுறவை 1946-ல் தொடங்கி நடத்திய திரிபுவன்தாஸ் படேல் அந்த மண்ணின் மனிதர். 1899-1900 பஞ்சத்துக்குப் பின் இங்கிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள் ஏராளம். 1972-ல் உகாண்டாவின் இடி அமீன் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு வைத்து வெளியேற்றியபோது, பலர் பிரிட்டனுக்குப் போய் மூலைக்கடை போட்டார்கள். சிலர் அமெரிக்காவில் மோட்டல் வாங்கினார்கள்.

இத்தனை பேர் ஒரே பெயரில் இருந்தால் அடையாளம் காண்பது எப்படி? சரோதர்காரர்கள் குடும்பப் பெயரைக் கேட்பதில்லை, 'கயூ காம்?' என்று ஊரைக் கேட்கிறார்கள். கரம்சத், நடியாத், வசோ, தர்மஜ், சோஜித்ரா, பாத்ரன் ஆகிய ஆறும் மேல்தட்டு ஊர்கள். வல்லபபாய் படேலின் பூர்விகம் இதில் கரம்சத். சமநிலை ஊர்கள் கூடி 'கோள்' என்ற மண வட்டம் அமைத்துப் பெண் கொடுத்து எடுப்பார்கள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்கு வரன் பார்க்கும்போதும் படிப்போடு இந்தப் பூர்விக ஊரையும் விசாரிக்கும் பெற்றோர் இன்றும் உண்டு. பிள்ளை அந்த ஊரை ஒருமுறைகூடப் பார்த்திருக்காது.