தேடியது கிடைக்காதபோது ஏஐ என்ன முடிவுக்கு வரும்?

அரியலூர் இரண்டு முறை மாவட்டமானது. திருச்சியிலிருந்து 1995-இல் பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 2001 ஜனவரி 1-இல் அது தனி மாவட்டமாயிற்று. 2002 மார்ச் 31-இல் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது; 2007 நவம்பர் 23-இல் மறுபடி தனியானது. ஆகவே 2004-ஆம் ஆண்டின் மாவட்டவாரி சாகுபடிக் கணக்குகளில் அரியலூரைத் தேடுபவர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அரியலூர்ப் பகுதியின் செந்துறையிலும் உடையார்பாளையத்திலும் அந்த ஆண்டு யாரும் விதைக்கவில்லை என்று அவர் முடிவுகட்டினால் தவறு. அந்தக் கணக்கெல்லாம் பெரம்பலூர் பெயரில் இருக்கும். உள்ளூர்க்காரருக்கு இது சொல்லாமலே தெரியும். தேடுவது இயந்திரம் என்றால், யாராவது எழுதி வைத்தால்தான் தெரியும். நிரல் எழுதும் ஏஐ ஏஜென்ட்களுக்காக உருவாகும் தேடல் கருவிகளில் இந்த எழுத்துவேலைதான் பின்தங்கியிருக்கிறது. என்ன கிடைக்கும் என்று விளக்கும் அளவுக்கு, எதுவும் கிடைக்காவிட்டால் அதற்கு என்ன பொருள் என்பதையும் கருவியின் குறிப்பு விளக்கியாக வேண்டும்.

ஏஐ ஏஜென்ட்கள் இப்போது நிரல் எழுதுவதோடு இணையதளங்களின் கோளாறுகளையும் துப்பறிகின்றன. ஒரு பக்கம் திறக்கும்போது பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே பல கோரிக்கைகள் போய்வரும். பெரிய தளங்களில் அவை நூற்றைத் தாண்டும். ஒவ்வொன்றுக்கும் முகவரி, அனுப்பும் முறை, உள்ளடக்கம், சர்வர் தரும் நிலை எண் ஆகியவை உண்டு. 200 வந்தால் கோரிக்கை நிறைவேறியது. 404 என்றால் கேட்டது அங்கில்லை. 500 என்றால் சர்வரில் கோளாறு. அத்தனையையும் ஏஜென்ட்டிடம் கொட்டினால் அது ஒரே நேரத்தில் கையாளக்கூடிய அளவை மீறிவிடும். அதனால் வேண்டியதை மட்டும் பொறுக்கித் தரும் தேடல் கருவி தேவைப்படுகிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ இத்தகைய கருவிகளை ஏஐயோடு இணைக்க ஒரு பொது வழியை வகுத்தது. 2025 செப்டம்பரில் கூகுள், பக்கங்களின் உள்நடப்பை ஆராய உதவும் தன் குரோம் டெவ்டூல்ஸை அதே வழியில் ஏஜென்ட்களுக்குத் திறந்துவிட்டது. இந்த ஏற்பாட்டில் கருவியைப் பற்றி ஏஜென்ட்டுக்கு முக்கியமாகத் தரப்படுவது அதன் பெயர், சில வரி விளக்கக் குறிப்பு, என்னென்ன உள்ளீடு கொடுக்கலாம் என்ற பட்டியல் ஆகியவைதான். அந்தச் சில வரிகளை நம்பியே அது அடுத்த அடி வைக்கிறது.

பட்டா பார்க்கும் இணையப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதுபோன்ற ஒரு படிவத்தில் அரியலூரைத் தேர்ந்தெடுத்த பிறகு வட்டங்களின் பட்டியல் வராமல் நின்றுவிடுகிறது என்று கொள்வோம். ஏஜென்ட் ‘அரியலூர்’ என்று தேடுகிறது, விடை பூஜ்யம். படிவம் கோரிக்கையையே அனுப்பவில்லை என்று கருதி, பழுதில்லாத பகுதியைத் திருத்தத் தொடங்குகிறது. ஆனால் கோரிக்கை போயிருக்கலாம். படிவங்கள் பெரும்பாலும் ஊர்ப் பெயரை அனுப்பாமல் குறியீட்டு எண்ணை அனுப்புகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரம்பலூரின் எண் 615, அரியலூருடையது 616. பெயரே போனாலும், இணைய முகவரிக்குள் தமிழ் எழுத்து அப்படியே பயணிப்பதில்லை. ‘அரியலூர்’ என்பது கணினிக்கு 8 குறியீடுகள். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து 3 எழுத்தாகும். ஆக, 72 எழுத்து நீளமுள்ள ஒரு சரமாக அந்தப் பெயர் மாறிவிடுகிறது. கருவி அதைப் பிரித்துப் படித்துத் தேடுகிறதா, அப்படியே தேடுகிறதா? முகவரியில் மட்டும் தேடுகிறதா, உள்ளடக்கத்திலும் தேடுகிறதா? போதாக்குறைக்கு, டெவ்டூல்ஸில் பக்கம் மாறியதும் பழைய கோரிக்கைப் பட்டியல் இயல்பாகவே அழிந்துவிடும்; அதைத் தக்கவைக்கும் வசதியைத் தனியாக இயக்க வேண்டும். ஒரே பூஜ்யத்துக்குப் பின்னால் இத்தனை காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் குறிப்பில் ஒரு வாக்கியம் போதும்.

ஏஐ நாளுக்கு நாள் தேர்ந்து வருகிறது, கருவியின் மூல நிரலையே படித்துப் புரிந்துகொள்ளும், குறிப்பு எதற்கு என்று கேட்கலாம். மூல நிரல் எப்போதும் அதன் கைக்கு எட்டுவதில்லை. எட்டினாலும், நிரல் என்ன செய்கிறது என்பதைத்தான் அது காட்டும். எதைச் செய்வதாக வாக்களிக்கிறது, எதை வேண்டுமென்றே விட்டுவைத்தது என்பதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும். இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: கருவிக் குறிப்பு நீண்டால், ஏஜென்ட் கையாளக்கூடிய அளவில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். இது உண்மை. அதனால்தான் எதை முதலில் எழுதுவது என்ற கேள்வி முக்கியமாகிறது. கருவியின் பெருமைகளைச் சுருக்கி, எல்லைகளை முன்னால் வைக்கலாம். அதைவிட நல்ல வழி, பூஜ்யம் வரும் வேளையில் கருவியே காரணத்தைச் சொல்வது: ‘40 கோரிக்கைகளின் முகவரிகளில் தேடினேன், உள்ளடக்கத்தில் தேடவில்லை’ என்ற ஒரு வரி, தேவைப்படும் நேரத்தில் மட்டும் இடம் பிடிக்கும்.

மென்பொருள் வல்லுநர்களின் வேலையில் பொதுமக்களுக்கு என்ன அக்கறை என்றும் தோன்றலாம். வேப்பந்தட்டையிலோ ஆண்டிமடத்திலோ ஒருவர் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், அவருடைய கைபேசி எண்ணும் அடையாள விவரங்களும் இப்படிப்பட்ட கோரிக்கைகளுக்குள்தான் பயணிக்கின்றன. தேடல் கருவி அவற்றை மறைத்துக் காட்டுகிறதா, அப்படியே ஏஜென்ட்டின் முன் வைக்கிறதா என்பது அவர் அறிய வேண்டிய விஷயம். மறைக்கப்பட்ட பகுதியையும் குறிப்பு சொல்லியாக வேண்டும்; சொல்லாவிட்டால் மறைத்ததை ஏஜென்ட் இல்லாததாக எண்ணிக்கொள்ளும். அரசுத் தளங்களைப் பராமரிக்கும் வேலையில் ஏஐ ஏஜென்ட்களைப் பயன்படுத்தும்போது, அவை கையாளும் கருவிகளின் தேடல் எல்லை, கால எல்லை, மறைப்பு விதி ஆகிய மூன்றும் எழுத்தில் இருப்பதை ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக வைக்க வேண்டும். எழுதுபவருக்கு ஒரு பகல் வேலை. எழுதாமல் விட்டால், பழுது எங்கே என்று தெரியாமல் செய்யும் திருத்தங்களின் சுமை மக்கள் தலையில் விழும்.