பன்றி இதயம் துடித்த ஏழு நாட்கள்

அசாமில் சிறையில் முடிந்த பரிசோதனை, 25 ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் மருத்துவச் சாதனையானது. நடுவில் நடந்தது என்ன?

குவாஹாட்டியை அடுத்த சோனாப்பூரில் 1997 புத்தாண்டு அமைதியாகப் பிறக்கவில்லை. அன்று அங்குள்ள இதய மருத்துவ நிலையத்தில் டாக்டர் தனிராம் பரூவா 32 வயது நோயாளி ஒருவரின் நெஞ்சைத் திறந்து, பன்றியின் இதயத்தையும் நுரையீரலையும் பொருத்தினார். கூட இருந்தவர் ஹாங்காங் அறுவை மருத்துவர் ஜொனாதன் ஹோ. சுமார் 15 மணி நேர வேலை. நோயாளி ஏழு நாட்கள் உயிரோடு இருந்தார். பிறகு நோய்த்தொற்றுகள் அவரைக் கொண்டுபோயின. டாக்டர்கள் இருவரையும் போலீஸ் கைது செய்தது.

பரூவாவுக்கு 40 நாள் சிறை. வெளியே வந்தபோது அவருடைய நிலையம் சூறையாடப்பட்டுக் கிடந்தது. அசாம் அரசின் விசாரணை, நடந்தது மருத்துவ நெறிக்குப் புறம்பானது என்றது. போலீஸ் கையில் எடுத்த சட்டங்களில் ஒன்று 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம். சிறுநீரக வியாபாரத்தை ஒழிப்பதற்காக வந்த சட்டம் அது. பெயரிலேயே 'மனித உறுப்பு' என்று இருக்கிறது. பன்றியைப் பற்றி அதை எழுதியவர்கள் யோசித்திருக்கவே மாட்டார்கள்.

பரூவாவை வெறும் போலி டாக்டர் என்று ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டனில் பயிற்சி பெற்றவர். செயற்கை இதய வால்வு வடிவமைத்தவர். நோயாளிக்கு இருந்தது இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை. பெரும்பாலும் சிறு வயதிலேயே ஒட்டுப்போட்டு அடைத்துவிடும் கோளாறு இது. காலம் கடந்து நுரையீரலும் கெட்டுவிட்டால் டாக்டர்களிடம் மிஞ்சும் வழிகள் குறைவு. பன்றியை நாடியதிலும் பரூவா முதல் ஆள் அல்ல. 1992இல் போலந்தில் ஸ்பிக்னியேவ் ரெலிகாவின் குழு பன்றி இதயத்தைப் பொருத்திப் பார்த்தது. நோயாளி ஒரு நாளைக்கூட முழுதாகக் கடக்கவில்லை.

பன்றி ஏன்? உறுப்புகளின் அளவு மனிதனுக்கு ஒத்துவருகிறது. சினைக்காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு. ஈற்றுக்குப் பத்துக் குட்டிகள்கூடப் போடும். தவிர, மருத்துவத்துக்கு அது புது விருந்தாளியும் அல்ல. நீரிழிவு நோயாளிகள் பல ஆண்டுகள் போட்டுக்கொண்ட பன்றி இன்சுலின், மனித இன்சுலினிலிருந்து ஒரே ஒரு அமினோ அமிலத்தில்தான் மாறுபடுகிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து வருகிறது. பன்றியின் இதய வால்வைச் சுமந்துகொண்டு நடமாடுபவர்கள் உலகெங்கும் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து புண் ஆற்றும் மெல்லிய படலம் ஒன்றைத் தயாரித்திருக்கிறது. சாப்பிடத் தயங்குபவர்கள்கூட, தெரிந்தோ தெரியாமலோ, பன்றிக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

ஆனால் வால்வு என்பது ரசாயனத்தில் பதப்படுத்திய, உயிரற்ற திசு. உயிருள்ள உறுப்பின் கதை வேறு. பன்றியின் செல்களுக்கு மேல் 'ஆல்ஃபா-கால்' என்ற சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனித உடலில் அது கிடையாது. அதை எதிர்க்கும் எதிரணுக்களோ நம் எல்லோர் ரத்தத்திலும் எப்போதும் தயாராகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பன்றியின் உறுப்பைப் பொருத்திய சில நிமிடங்களில் அவை பாய்கின்றன. ரத்தக் குழாய்கள் அடைபட்டு உறுப்பு கறுத்துப்போகிறது. இந்தச் சர்க்கரையைச் செய்வது பன்றியிடம் உள்ள ஒரே ஒரு மரபணு. உறுப்பை மருந்தில் ஊறவைத்து இந்த எதிர்ப்பை ஏமாற்றிவிடலாம் என்பது பரூவாவின் வாதம். பன்றியையே மாற்ற வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். 1992 டிசம்பரில் இங்கிலாந்தில் பிறந்த ஆஸ்ட்ரிட் என்ற பன்றியின் உடலில் மனித மரபணு ஒன்று இருந்தது. சர்க்கரை மரபணு அடியோடு நீக்கப்பட்ட பன்றிகள் 2002இல் வந்தன. சோனாப்பூருக்கு ஐந்து வருடம் தாமதமாக.

2022 ஜனவரி 7ஆம் தேதி பால்டிமோரில், மேரிலாண்ட் பல்கலைக்கழக டாக்டர்கள் 57 வயது நோயாளிக்குப் பொருத்திய இதயம், பத்து மரபணு மாற்றங்கள் செய்யப்பட்ட பன்றியுடையது. சர்க்கரைகளைச் செய்யும் மூன்று மரபணுக்கள் முடக்கப்பட்டிருந்தன. மனித நெஞ்சுக்குள் போன பின் இதயம் பன்றி அளவுக்கு வளர்ந்துவிடக் கூடாதே என்று வளர்ச்சி தொடர்பான ஒரு மரபணுவும் முடக்கப்பட்டது. மனித மரபணுக்கள் ஆறு சேர்க்கப்பட்டன. திட்டத்தின் மூளை, கராச்சியில் பிறந்த முகமது மொஹியுதீன். கத்தியைப் பிடித்தவர் பார்ட்லி கிரிஃபித். நோயாளி இரண்டு மாதம் வாழ்ந்தார்.

செய்தி வந்ததும் இந்தியப் பத்திரிகைகளுக்கு சோனாப்பூர் ஞாபகம் வந்தது. இதை அப்போதே செய்தவர் தான் என்று பரூவா உரிமை கொண்டாடினார். ஒரு வகையில் நியாயம்தான். ஆனால் இரண்டு இடத்திலும் நோயாளி இறந்தார் என்பதோடு ஒற்றுமை முடிந்துவிடுகிறது. பால்டிமோரில் அறுவைக்கு முன்பே அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்திருந்தது. மரணத்துக்குப் பின் இதயத்தைக் கூறுகூறாக ஆராய்ந்து, தப்பு எங்கே நேர்ந்திருக்கலாம் என்று மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். பன்றியின் சைட்டோமெகலோ வைரஸ் ஒன்று இதயத்தோடு கூடவே வந்திருந்தது. அறுவைக்கு முந்தைய சோதனைகளில் சிக்கவில்லை. அடுத்து வந்தவர்கள் சோதனையை இறுக்கினார்கள். சோனாப்பூரின் ஏழு நாட்களிலிருந்து அடுத்த டாக்டர் கற்றுக்கொள்வதற்கு அப்படி ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த 32 வயதுக்காரரின் மரணம் யாருக்கும் பயன்படாமல் போனது.

வைரஸ் விஷயம் லேசானதல்ல. சோனாப்பூர் சம்பவத்துக்கு இரண்டே மாதம் கழித்து, 1997 மார்ச்சில், லண்டனில் ராபின் வைஸ் குழுவினர் ஒரு குண்டைப் போட்டார்கள். பன்றியின் குரோமோசோம்களிலேயே தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் ஒருவகை வைரஸ், சோதனைக்கூடத்தில் மனித செல்களைத் தொற்றியது. ஒரு நோயாளியைக் காப்பாற்றப்போய் ஊருக்கே நோயை இழுத்துவிட்டால்?

இந்தக் கேள்வியின் கனம் புனேவாசிகளுக்குத் தெரியும். 2009 ஆகஸ்ட் 3ஆம் தேதி, பன்றிக் காய்ச்சலுக்கு இந்தியாவில் முதல் பலி அங்கேதான் விழுந்தது; 14 வயது மாணவி. பள்ளிகளும் தியேட்டர்களும் மூடப்பட்டன. முகமூடி கிடைக்காதவர்கள் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார்கள். பன்றி இறைச்சியால் பரவிய நோயல்ல அது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியது. ஆனால் வைரஸின் மரபணுத் துண்டுகள் பன்றிகளிடையே உலவிய வைரஸ்களிலிருந்து வந்து கலந்தவை. மாதிரிகளைச் சோதித்தது அதே நகரின் தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம். பன்றி உறுப்பு என்றாவது இந்திய மருத்துவமனைக்கு வருமானால், அதை வாங்கிக்கொண்டவரின் ரத்தத்தை ஆயுள் முழுதும் கண்காணிக்க இத்தகைய ஆய்வகம் இல்லாமல் முடியாது.

அமெரிக்காவில் இதற்கும் மரபணு வழியிலேயே விடை தேடுகிறார்கள். 2024 மார்ச்சில் பாஸ்டனில் 62 வயதுக்காரருக்குப் பொருத்திய சிறுநீரகத்தைத் தந்த பன்றியில் 69 மாற்றங்கள். அவற்றில் 59, உறங்கும் வைரஸ்களை முடக்குவதற்கு மட்டும். இரண்டு மாதத்தில் அவர் இறந்தார். சிறுநீரகம் காரணம் என்பதற்கு அறிகுறி இல்லை என்றது மருத்துவமனை. 2025 ஜனவரியில் அதே இடத்தில் இன்னொருவருக்குப் பொருத்தியது 271 நாள் வேலை செய்தது.

தேவை இங்கே குறைவா என்ன? புனேயின் மண்டல உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பு மையத்திலும் சென்னையில் தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையத்திலும் பெயரைப் பதிந்துவிட்டு, டயாலிசிஸுக்கு நடையாய் நடந்துகொண்டிருப்பவர்களைக் கேட்டால் தெரியும். மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் சம்மதித்தால்தான் அவர்களுடைய வரிசை நகரும்.

பன்றிக்கும் பஞ்சமில்லை. அதே குவாஹாட்டிக்குப் பக்கத்தில், ராணி என்ற இடத்தில், 2002 முதல் தேசியப் பன்றி ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. நாட்டு இனமான குங்ரூவையும் ஹாம்ப்ஷயரையும் கலந்து 'ராணி' என்ற புதிய ரகத்தை உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால் இது இறைச்சிக்கான பன்றி. உறுப்புக்கான பன்றி கிருமி அண்டாத கட்டடத்தில், வடிகட்டிய காற்றில் வளர வேண்டும். 2020இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்தபோது, அசாமில் மட்டும் ஆயிரக்கணக்கான பன்றிகள் கொட்டிலிலேயே மடிந்தன.