கடற்படைத் தலைவர் பஸ் கழகத்துக்கு வந்த கதை

தஞ்சாவூரில் பஸ் ஏறித் திருவையாற்றில் இறங்குவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைத் தாண்டிவிடலாம். இங்கே அரசு பஸ்களை ஓட்டுவது போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டம். இப்படியொரு கழகத்துக்கு, நாட்டின் கடற்படைக்கே தலைவராக இருந்தவர் தலைவராக வந்தால் எப்படி இருக்கும்?

பக்கத்து ஆந்திராவில் அது நடந்தது. வந்தவர் நம் செங்கல்பட்டில் பிறந்தவர்.

ராம்தாஸ் கடாரி 1911-ல் பிறந்தார். 1927-ல் பம்பாயில் ‘டஃப்ரின்’ பயிற்சிக் கப்பல் தொடங்கியபோது முதல் அணியிலேயே சேர்ந்தார். அங்கே கற்றுக்கொடுத்தது போர் அல்ல, வணிகக் கப்பல் வேலை. பிறகு கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றை அளக்கும் பணி. மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஆற்றில், கப்பல் தரைதட்டாமல் போக வழி கண்டு சொல்ல வேண்டும். ஒரு வெள்ளம் வந்து போனால் திட்டும் மடுவும் இடம் மாறிக் கிடப்பதைப் பார்த்துப் பழகிய காவிரிக்கரைக்காரர்களுக்கு அந்தச் சிக்கல் புரியும்.

1939-ல் உலகப்போர் மூண்டதும் கடற்படையின் தன்னார்வப் பிரிவில் சேர்ந்தார். பின்னர் நிரந்தரப் படைக்கு மாறினார். 1958 ஏப்ரல் 22 அன்று, ஆங்கிலேயரான ஸ்டீபன் கார்லிலிடமிருந்து பொறுப்பேற்று, இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைவரானார். நாடு விடுதலை பெற்றுப் பத்து ஆண்டுகள் கடந்திருந்தன. விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் வந்ததும், கோவா மீட்கப்பட்டதும் அவர் காலத்தில்தான், இரண்டும் 1961-ல். அப்போது அந்தப் பதவிக்கு வைஸ் அட்மிரல் தகுதிதான். முழு அட்மிரல் தகுதி 1968-ல்தான் வந்தது.

1962 ஜூனில் ஓய்வு பெற்றபோது கடாரிக்கு வயது 50. அதன்பின் கிடைத்த பொறுப்புகளில் ஒன்றுதான் ஆந்திர மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் தலைவர் பதவி. நிஜாம் காலத்தில், 1932-ல், 27 பஸ்களோடு தொடங்கிய சேவை அது. 1958 ஜனவரியில் கழகமானது. 1950-ம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் கழகச் சட்டப்படி அமைந்ததால் தலைவரை நியமிப்பது மாநில அரசு. தமிழ்நாட்டுக் கழகங்களோ கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவானவை.

கடலும் தார்ச்சாலையும் வேறுதான். ஆனால் எரிபொருள், உதிரி பாகம், பழுதுபார்ப்பு, ஷிப்ட் மாற்றும் ஆட்கள், பிசகாத நேரம் என்று கப்பலுக்கு உள்ள கவலைகள் டிப்போவுக்கும் உண்டு. 1971 போரின்போது கடற்படைத் தலைவராக இருந்த எஸ்.எம். நந்தாவும் ஓய்வுக்குப் பின் இந்தியக் கப்பல் கழகத்தை நடத்தினார். அமெரிக்காவில் விமான நிலையச் சோதனைகளைக் கவனிக்கும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு, 2005 வரை தலைவராக இருந்த டேவிட் ஸ்டோன் கடற்படையின் ரியர் அட்மிரல்.

கடாரியோ போர்க்கப்பலுக்கு முன்பே வணிகக் கப்பலையும் துறைமுகத்தையும் பார்த்தவர். 1964 முதல் 1969 வரை பர்மாவில் தூதராகவும் இருந்தார். 1982-ல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பின் தலைப்பில் அட்மிரல், தூதர், தலைவர் எதையும் அவர் போட்டுக்கொள்ளவில்லை. மாலுமி என்று மட்டும் சொல்லிக்கொண்டார்.