ரஸ்தா வேலையும் நிழல்மரங்களும்

பட்டணங்களிலும் பேரூர்களிலும் ரஸ்தாக்களை அகலப்படுத்திப் புதுப்பிக்குங்கால், ஓரத்து மரங்களிற் சில கோடரிக்கு இரையாவதை யாவரும் காண்கின்றனர். வெட்டாது விடப்பட்டவை பிழைத்துக்கொண்டன என்று எண்ணுவதே வழக்கம். ஆயினும் அவற்றுள்ளும் பல, இரண்டு மூன்று ஆண்டுகளில் இலை சிறுத்து, நுனிக்கொம்பு காய்ந்து பட்டுப்போகின்றன. அதற்குள் காண்டிராக்டர் தொகையைப் பெற்றுக்கொண்டு வேற்றூர் சென்றிருப்பார். மரத்துக்கு வயதாகிவிட்டதென்று ஊரார் சொல்லிக்கொள்வர்.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. நீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்களிற் பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணிலேயே, கிளை விரிந்த எல்லைக்கும் அப்பால் பரவிக் கிடக்கிறது. வரப்போரத்துப் புளியின் வேர் வயலுக்குள் கலப்பையில் தட்டுப்படக் கண்ட குடியானவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அடிமரத்தின் குறுக்களவைப்போல் 12 மடங்கு தூரம் சுற்றிலும் வேருக்குரிய நிலமாகக் காக்கப்பட வேண்டுமென்பது இங்கிலாந்தில் கட்டட வேலைகளுக்கு வகுத்துள்ள அளவு. இரண்டடிக் குறுக்களவுள்ள வேம்புக்கு இது 24 அடியாகும். நம் தெருக்களில் அவ்வளவு இடம் கிடைப்பதரிது; எனினும், மரத்தை ஒட்டிச் சாக்கடை வெட்டுவது எத்தகைய காரியமென்பதை இவ்வளவு உணர்த்தும்.

இயந்திரத்தால் பள்ளம் பறிக்கும்போது ஒருபுறத்து வேர் முழுவதும் ஒரே நாளில் அறுந்துபோகிறது. பின்னர் அப்பக்கமிருந்து பெருங்காற்று வீசினால் இழுத்துப்பிடிக்க வேரின்றி மரம் மறுபக்கம் சாய்கிறது. ரோலர் உருட்டி இறுகிய மண்ணில் காற்றுப் புகாது. நீர் தேங்கிய நாற்று மஞ்சளிப்பது போன்றே மூச்சற்ற வேரும் அழுகும். அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் கொட்டி மேடாக்குவதும், தண்டுவரை சிமெண்டு பூசுவதும் இதே தீங்கைச் செய்வன. டில்லி நகரில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்றும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது.

வேர் நடைபாதையைத் தூக்குவதால் மரத்தை வெட்டியே தீரவேண்டுமென்பாரும் உளர். இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரசபை 2012-இல் ரஸ்தாக்களைப் பழுதுபார்க்க 25 ஆண்டு ஒப்பந்தம் செய்து, 2018-க்குள் 5,000-க்கு மேற்பட்ட தெருமரங்களை வெட்டுவித்தது. ஜனங்கள் மரத்தடியில் நின்று தடுத்தனர். வேலை நிறுத்தப்பட்டபின் மறுபடி பார்வையிட்டதில், வெட்டக் குறித்திருந்த பல மரங்களை ஓரக்கல்லை மெல்லியதாக வைத்தோ நடைபாதையைச் சற்றே சரிவாக அமைத்தோ காத்துக்கொள்ளலாமென்று கண்டனர். 2023-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை நகரசபையின் நடத்தையைக் கண்டித்தது. சபையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. வெட்டிய மரங்களோ போனவை போனவையே.

நம் பக்கத்தில் கிராமங்கள் பட்டணத்தோடு சேர்ந்துவரும் இடங்களிலெல்லாம் இதே நிலைமை நேர்கிறது. சந்தைக்குச் செல்வோருக்கு நிழலும், ஏலத்தில் வருமானமும் தரும் புளிக்கு ஈடாக விதையிட்டால், காய்ப்பைக் காணவே பத்தாண்டளவு பொறுக்க வேண்டும். ஆகையால், எஸ்டிமேட் போடும்போதே கிராம அதிகாரிகள் மரங்களை எண்ணிக் குறித்து, பள்ளத்தின் கோட்டை விலக்கக் கேட்பது நலம். வேலை தொடங்கியபின் கேட்பதில் பயன் சொற்பம். பொதுநிலத்து மரங்களை வெட்டுவது பற்றி ஆராயத் தமிழ்நாட்டரசு 2021-இல் பசுமைக் குழுக்களை நியமித்துள்ளது. ஆட்சேபணையை எழுத்தில் அனுப்பலாம்.

மரத்தருகே தோண்டியே தீரவேண்டுமானால் மண்வெட்டியாலும் கையாலும் தோண்டச் செய்க. ஓரங்குலத்துக்கு மேற்பட்ட பருமனுள்ள வேரை அறுக்காது, குழாயை அதன் அடியிற் செலுத்துக. வெளிப்பட்ட வேரை ஈரச்சாக்கால் மூடி, அன்றே மண்ணிட்டு நிரப்புதல் வேண்டும். வேர் இழந்ததற்கு ஈடாகக் கிளைகளை மொட்டையடிப்பாருளர். இது தவறு, இலையன்றோ புதுவேருக்கு உணவு சமைப்பது! பட்ட கொம்புகளை மட்டும் கழித்து, தண்டில் படாமல் சருகுமூடாக்கிட்டு, அடுத்த இரண்டு கோடைகளிலும் வேர் பரவிய இடமெங்கும் நனையத் தண்ணீர் விடவும்.