காம்பில்லாத செர்ரி

ஸ்பெயின் நாட்டின் மேற்கே, எக்ஸ்ட்ரமதுரா பகுதியில் ஹெர்தே என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. மலைச்சரிவு முழுக்கக் கல்வரப்பு கட்டிய அடுக்கு நிலங்கள். அத்தனையிலும் செர்ரி மரங்கள். 18-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த கஷ்கொட்டை மரங்கள் நோய் விழுந்து அழிய, அந்த இடத்தைச் செர்ரி பிடித்துக்கொண்டது.

மார்ச் கடைசியில் பூக்கத் தொடங்கினால் பள்ளத்தாக்கே வெள்ளைவெளேர் என்றாகிவிடும். பார்க்க வருகிற கூட்டத்துக்கும் குறைவில்லை. விவசாயிக்குக் கவலை அதற்குப் பிறகுதான். பழுக்கிற நேரத்தில் ஒரு மழை பெய்தால் போச்சு! பழம் தண்ணீரை உறிஞ்சித் தோல் வெடித்துவிடும். சந்தையில் விலை போகாது. முன்கூட்டியே பறித்து வைக்கலாமா என்றால் அதற்கும் வழியில்லை. பறித்த செர்ரி மாம்பழம்போல வீட்டில் பழுக்காது.

சரிவான நிலம் என்பதால் பறிப்பு கையால்தான். குடும்பத்தோடு இறங்கிவிடுவார்கள். அடிவாரத்தில் முதலில் பழுக்கும், உயரம் கூடக்கூடத் தள்ளிப்போகும். இதனால் அறுவடை ஜூலை வரைக்கும் நீளும்.

கடைசியாக வருவது ‘பிக்கோத்தா’. சின்னப் பழம், கெட்டிச் சதை, நல்ல இனிப்பு. விரலால் லேசாகத் திருகினால் பழம் மட்டும் கையோடு வந்துவிடும். காம்பு மரத்திலேயே நின்றுவிடும். பொதுவாகச் செர்ரி வாங்குவோர் பச்சைக் காம்பைப் பார்த்துத்தான் புதுசா, பழசா என்று முடிவு செய்வார்கள். வெளிநாட்டுக் கடைகளில் பிக்கோத்தாவைக் கண்டால், காம்பில்லையே என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதன் இயல்பே அதுதான்.